பி.எஸ்சி. கணிதம் முடித்தபின் எந்த வழி? வேலூர் வட்டார மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வட ஆர்க்காடு இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கிறது. வேலூர் ஊரிசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, சாயிநாதபுரம் டி.கே.எம். கல்லூரி, காட்பாடி ஆக்சீலியம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், வாணியம்பாடி இஸ்லாமியா, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி என இவ்வட்டாரத்தின் பல கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் கணிதப் பட்டதாரிகள் வெளிவருகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளில் முதன்மையானவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது. தேர்வு விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பி.எஸ்சி. கணிதம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

இந்தப் பட்டத்தை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கும் பணியிடங்கள் குறைவு. செவிலியர் படிப்புக்கும் சட்டப் படிப்புக்கும் வேலை அந்தப் படிப்பின் பெயரிலேயே இருக்கிறது; கணிதத்திற்கு அப்படி இல்லை. பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணி, புள்ளியியல் பணிகள், காப்பீட்டுத் துறையின் ஆக்சுவரி பணி, ஆராய்ச்சி ஆகியவற்றில் கணிதம் நேரடியாகத் தேவைப்படுகிறது. மற்ற வேலைகளில், வங்கியானாலும் அரசு அலுவலகமானாலும் மென்பொருள் நிறுவனமானாலும், ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்றே கேட்கிறார்கள். அங்கே நுழைவுத் தேர்வில்தான் கணிதம் கைகொடுக்கிறது.

ஆகவே "என்ன வேலை கிடைக்கும்" என்பதைவிட "எந்தத் தேர்வுக்கு எப்போது படிக்கத் தொடங்க வேண்டும்" என்பதே பயனுள்ள கேள்வி. அதற்கான காலம் இரண்டாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டின் இறுதித் தேர்வு முடிந்து, மே மாதத்தில் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்குபவருக்கு நல்ல வழிகள் சில அதற்குள் மூடப்பட்டிருக்கும். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு, இறுதியாண்டு மாணவர் கல்லூரியில் இருக்கும்போதே, பிப்ரவரியில் நடந்து முடிந்துவிடுகிறது. அதற்கான விண்ணப்பமோ முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலேயே முடிந்திருக்கும்.

அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராக என்னென்ன தேவை?

இவ்வட்டாரத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. குழப்பமும் இதில்தான் மிகுதி.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு பி.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும், அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். அந்தத் தாள் 150 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. கணிதப் பட்டதாரிகள் பலரும் தடுக்கி விழும் இடம் இந்தக் கடைசிப் பகுதிதான். அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வினாக்களும் கலந்து வருவதால், கல்லூரிக் கணிதத்தில் எவ்வளவு தேர்ந்தவரானாலும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான அறிவியல் பாடநூல்களை மீண்டும் வரி வரியாகப் படித்தாக வேண்டும்.

தகுதித் தேர்வில் தேறிவிட்டாலே பணி நியமனம் கிடைத்துவிடும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018-இல் வெளியான அரசாணை 149-இன்படி, தகுதித் தேர்வில் தேறியவர்கள் தனியே ஒரு போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர்களுக்கு அத்தகைய தேர்வு நடந்தது. தகுதித் தேர்வுச் சான்றிதழ் இப்போது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பது ஓர் ஆறுதல். முன்பு அதற்கு ஏழு ஆண்டு வரம்பு இருந்தது.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும், போட்டித் தேர்வு உண்டு. அதில் 150 மதிப்பெண்களில் பாடத்திற்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் தனி. பாடப் பகுதியின் தரம் எம்.எஸ்சி. அளவில் இருப்பதால், இதற்குப் படிப்பவர் வழிகாட்டி நூல்களைவிடத் தம் வகுப்புக் குறிப்பேடுகளையும் மூல பாடநூல்களையும் நம்புவதே சரி என்பது என் கருத்து.

பி.எட். முதலில் முடிப்பதா, எம்.எஸ்சி. முதலில் முடிப்பதா?

வீட்டில் விரைவாக வருமானம் தேவை என்றால் பி.எட். முதலில். கணிதத்தில் உண்மையான ஈடுபாடும் மேலும் இரண்டு ஆண்டு படிக்கும் வசதியும் இருந்தால் எம்.எஸ்சி. முதலில், ஏனென்றால் மூன்றாண்டு படித்த பாடத்தின் தொடர்ச்சி அறுந்துபோனால் மீண்டும் பிடிப்பது கடினம். மெய்யெண் பகுப்பாய்வை இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

சம்பளத்தை மட்டும் கருதி எம்.எஸ்சி. படிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாய். வேறுபாடு 500 ரூபாய்தான். முதுகலைப் பட்டத்தின் பயன் கற்பிக்கும் வகுப்பிலும், பின்னாளில் கல்லூரிப் பணிக்குச் செல்லும் வாய்ப்பிலும் இருக்கிறது. பி.எட். இப்போது இரண்டாண்டுப் படிப்பு. வேலூரிலேயே அரசு கல்வியியல் கல்லூரி இருப்பதால், கட்டணத்திற்கு அஞ்சுபவர்கள் தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் அங்கு சேர்வதற்கான கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பட்டத்தின் பெயர் "கணிதம்" என்று மட்டும் இல்லாமல் "கணிதம், கணினிப் பயன்பாடு" என்பது போல இருந்தால், அது கணிதத்திற்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியை முதன்முறையாக எதிர்கொள்வது பரிதாபமானது.

தனியார் பள்ளியில் சேர்ந்துகொண்டே தேர்வுக்குப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் மெட்ரிக் பள்ளிகளில் பாட வேளைகளும் விடைத்தாள் திருத்தமும் சிறப்பு வகுப்புகளும் சேர்ந்து, மாலையில் புத்தகத்தைத் திறக்கும் தெம்பை எடுத்துவிடுகின்றன. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள் பலர் பள்ளிச் சம்பளத்தைவிட அதிகம் ஈட்டுகிறார்கள். நேரமும் அவர்கள் கையில் இருக்கிறது. ஜே.இ.இ. பயிற்சி மையங்களில் நல்ல கணித ஆசிரியருக்குத் தேவை எப்போதும் உண்டு. ஆனால் அங்கே நிலைக்க, வினாவைப் பார்த்தவுடன் குறுக்கு வழி கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டும். அது பல்கலைக்கழகத் தேர்வு கற்றுத்தராத ஒன்று.

எம்.எஸ்சி. கணிதத்தை எங்கே படிப்பது?

இடத்தைப் பொறுத்து இந்தப் பட்டத்தின் மதிப்பு பெரிதும் மாறுகிறது. உள்ளூர்க் கல்லூரிகளில் படித்து, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் தேறியவர்களும் உண்டு. அவர்கள் வகுப்புக்கு வெளியே தாமாகப் படித்தவர்கள். முயற்சி செய்து பார்க்காமலே "நமக்கு இதுதான்" என்று இருந்துவிடுவதுதான் தவறு.

சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம், 1989-இல் சி.எஸ். சேஷாத்ரி முன்னின்று தொடங்கிய நிறுவனம். அங்கு எம்.எஸ்சி.யில் கணிதம், கணினி அறிவியல், தரவு அறிவியல் ஆகியவை உள்ளன. சேர்க்கை அவர்களுடைய நுழைவுத் தேர்வு வழியாகவே நடக்கிறது. 1962-இல் தொடங்கப்பட்ட தரமணி கணித அறிவியல் நிறுவனம் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் உயர்கணித ஆய்வு நிறுவனமும் காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு.

ஜாம் தேர்வில் 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். ஒரு விடை மட்டும் சரியாக இருக்கும் வினாக்கள் 30, பல விடைகள் சரியாக இருக்கக்கூடியவை 10, எண்ணாக விடை தர வேண்டியவை 20. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது முதல் வகையில் மட்டுமே. பாடத்திட்டத்தில் பெரும்பகுதி நம் மூன்றாண்டுப் படிப்பில் வந்துவிடுகிறது: தொடர்வரிசைகள், வகையீடு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடுகள், குலங்கள், நேரியல் இயற்கணிதம். ஆனால் நம் பருவத் தேர்வுகள் தேற்றத்தைக் கூறி நிறுவச் சொல்கின்றன. ஜாம் அந்தத் தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறது. எந்த நிபந்தனை எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணாமல் மனப்பாடம் செய்தவருக்கு, 90 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருந்தாலும், அங்கே ஒன்றும் நகராது. எனவே ஒவ்வொரு தேற்றத்திற்கும் ஓர் எதிர்எடுத்துக்காட்டைத் தேடும் பழக்கத்தை முதலாண்டிலேயே தொடங்க வேண்டும்.

இதற்கு உதவும் ஒரு வாய்ப்பு எம்.டி.டி.எஸ். எனப்படும் கணிதப் பயிற்சி முகாம். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கி வைத்தது. கோடை விடுமுறையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களை ஒரு கல்வி நிறுவனத்தில் தங்கவைத்து, சூத்திரத்தைச் சொல்லாமல் கேள்வி கேட்டே கணிதம் கற்பிக்கிறார்கள். நம் மாவட்டக் கல்லூரிகளிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம், அப்படியொன்று இருப்பதே தெரியாததுதான்.

துணைப்பாடமாக இயற்பியலா, புள்ளியியலா?

கல்லூரியில் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் புள்ளியியலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன். காரணம் வெறும் விருப்பம் அல்ல. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது அதில் முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரித் தேர்வு வழியாக நிரப்பப்படும் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணிக்கும், பட்டப்படிப்பில் புள்ளியியல் இருந்தால் போதும். இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 விழுக்காடு இருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ஒரு வரியாக நிற்கும் அந்தத் துணைப்பாடம், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு விண்ணப்பத்தை ஏற்கவோ தள்ளவோ காரணமாகிறது.

சி.எம்.சி. மருத்துவமனையில் கணிதப் பட்டதாரிக்கு என்ன இருக்கிறது?

கேட்பவர்கள் பெரும்பாலும் அலுவலகப் பணியை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். அதைவிட மேலான ஒன்று வேலூரிலேயே இருக்கிறது: சி.எம்.சி.யின் உயிரியல் புள்ளியியல் துறை நடத்தும் எம்.எஸ்சி. படிப்பு. ஒரு புதிய மருந்து பழைய மருந்தைவிட உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறதா, அதை உறுதியாகச் சொல்ல எத்தனை நோயாளிகளைச் சேர்க்க வேண்டும், இடையில் சிகிச்சையை விட்டு விலகியவர்களின் தரவை எப்படிக் கணக்கில் கொள்வது என்பவை இத்துறையின் அன்றாடக் கேள்விகள். நிகழ்தகவை வகுப்பில் பகடையும் சீட்டுக்கட்டுமாகப் படித்தவருக்கு, அது மனித உயிரோடு தொடர்புகொள்ளும் இடத்தைக் காண்பது வேறோர் அனுபவம். படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளிலும், மருந்து ஆய்வு நிறுவனங்களிலும், பொதுச் சுகாதாரத் திட்டங்களிலும் பணி உண்டு. இடங்கள் மிகக் குறைவு. சேர்க்கை அறிவிப்பை அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளூரிலேயே இருந்தும் நம் மாணவர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத வாசல் இது.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் கணிதப் பட்டதாரிக்கு முன்னுரிமை உண்டா?

முன்னுரிமை இல்லை. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் திறனறி வினாக்கள் 25 மட்டுமே, பொது அறிவு 75, தமிழ் 100. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறாவிட்டால் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. அந்த 25 வினாக்களையும் கணித மாணவர் எளிதில் போட்டுவிடுவார். ஆனால் பள்ளிக்குப் பிறகு தமிழ்ப் புத்தகத்தைத் தொடாதவர் அந்த 100 வினாக்களில் அதைவிட அதிகம் இழந்துவிடுவார். வங்கித் தேர்வுகளிலும் எஸ்.எஸ்.சி.யிலும் நிலைமை வேறு. அங்கே கணக்கும் பகுத்தறிதலும் எடை கூடியவை, வேகம்தான் தேவை. கலனக் கணிதம் தெரிந்தவரும் வட்டிக் கணக்கை நாற்பது நொடியில் முடிக்கத் தனியே பழக வேண்டும்.

தமிழ் வழியில் படித்ததால் பாதிப்பா?

அரசுப் பணியில் நன்மையே. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020-இல் செய்த திருத்தத்திற்குப் பிறகு, பள்ளிப் படிப்பு முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் அந்தந்தப் பள்ளி, கல்லூரியிலிருந்து சான்று வாங்க வேண்டியிருக்கும். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரைத் தேடிச் செல்லும் அந்த வேலையை அறிவிக்கை வரும்வரை தள்ளிப்போடக் கூடாது. உயர்கணிதத்திலும் ஆராய்ச்சியிலும் நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணித நூலின் ஆங்கிலம் சில நூறு சொற்களுக்குள் அடங்குவது, ஒரு பருவத்தில் பழகிவிடும்.

ஆக்சுவரி என்றால் என்ன? அது நமக்கு எட்டுமா?

காப்பீட்டு நிறுவனம் எந்த வயதினரிடம் எவ்வளவு பிரீமியம் வாங்க வேண்டும், எதிர்கால இழப்பீடுகளுக்காக இன்று எவ்வளவு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பொறுப்பேற்கும் வல்லுநர் ஆக்சுவரி. இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் நடத்தும் ஏசெட் என்ற நுழைவுத் தேர்வில் தேறி மாணவராகச் சேர்ந்து, பின் ஒவ்வொரு தாளாக எழுதிக்கொண்டே செல்ல வேண்டும். கல்லூரியில் சேர வேண்டியதில்லை. வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். ஆனால் எல்லாத் தாள்களையும் முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் உண்டு, பணியிடங்களும் பெருநகரங்களிலேயே உள்ளன. முதல் சில தாள்களை முடித்தவருக்கே நிறுவனங்கள் வேலை தருகின்றன என்பதால், பி.எஸ்சி. படிக்கும்போதே ஏசெட் எழுதி, நிகழ்தகவுத் தாளையாவது முடித்துப் பார்ப்பது அறிவுடைமை. அது பிடிக்கவில்லை என்றால் இழப்பு பெரிதில்லை.

மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு வேலைகள்?

விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்சி. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, வேலையோடு மேற்படிப்பையும் தருகின்றன. இத்தகைய வளாகத் தேர்வுகளில் அரியர் இல்லாமல் இருப்பதும், பத்தாம் வகுப்பு முதல் சராசரி மதிப்பெண்ணைக் காப்பதும் முதல் நிபந்தனை.

தரவுப் பகுப்பாய்வைப் பொறுத்தவரை, "ஆறே மாதத்தில் டேட்டா சயின்டிஸ்ட்" என்று பெரிய தொகை கேட்கும் மையங்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பைத்தான், எஸ்.க்யூ.எல்., எக்செல் ஆகியவற்றை இலவசமாகவே கற்றுக்கொள்ள முடியும். மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் பல படிப்புகள் உள்ளன. நிறுவனம் பார்ப்பது சான்றிதழை அல்ல. கையில் உள்ள ஒரு தரவுத் தொகுப்பை வைத்து நீங்கள் என்ன முடிவுக்கு வந்தீர்கள், அந்த முடிவை எப்படி நியாயப்படுத்துகிறீர்கள் என்பதைத்தான். அங்கே நேரியல் இயற்கணிதமும் புள்ளியியலும் படித்தவருக்கு, நிரல் மட்டும் தெரிந்தவரைவிட ஆழம் அதிகம்.

பி.இ. கிடைக்காததால் கணிதம் எடுத்தேன். இனிப் பொறியியல் பக்கம் போக முடியுமா?

முடியும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். ஆனால் மேலும் மூன்று ஆண்டுகள் என்பதை எண்ணிப் பார்த்தால், பலருக்கு எம்.சி.ஏ. பொருத்தமானது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் வழியாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும், நிம்செட் வழியாகத் திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.களிலும் சேரலாம். நிம்செட் தேர்வில் கணிதத்திற்கே அதிக எடை என்பது நமக்குச் சாதகம்.

கணக்குத் தணிக்கையாளர் ஆக முடியுமா?

கணிதப் பட்டதாரி 60 விழுக்காடு பெற்றிருந்தால் தொடக்கநிலைத் தேர்வு இல்லாமல் நேரடியாக இரண்டாம் நிலையில் சி.ஏ. சேரலாம். ஆனால் கணக்கியலும் வணிகச் சட்டமும் புதிதாகப் படிக்க வேண்டும். கணிதம் படித்ததால் அவை எளிதாகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

உள்ளூரிலேயே வேலை வேண்டும் என்றால்?

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களிலும் காலணி நிறுவனங்களிலும் கணக்கு, கொள்முதல், உற்பத்தித் திட்டமிடல் பிரிவுகளில் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். டேலியும் எக்செலும் தெரிந்தால் போதும். கணிதப் பட்டம் அங்கே தனி மதிப்பைத் தராது. முதல் வேலையாக ஏற்கலாம்.

பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

தயக்கத்திற்கு உள்ளூரிலேயே விடை ஓரளவு இருக்கிறது: எம்.எஸ்சி. நடத்தும் மகளிர் கல்லூரிகள், அரசு கல்வியியல் கல்லூரி, சி.எம்.சி. ஆயினும் ஐ.ஐ.டி.யிலோ சென்னை கணிதவியல் கழகத்திலோ இடம் கிடைத்த ஒரு பெண்ணை விடுதிக்கு அனுப்ப மறுத்து, அருகில் உள்ள கல்லூரியில் சேர்ப்பது அவளுக்குச் செய்யும் நன்மை ஆகாது. அங்கெல்லாம் வளாகத்திற்குள்ளேயே விடுதி உண்டு. அப்பாவோ அம்மாவோ ஒருமுறை நேரில் சென்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

கல்லூரிப் பேராசிரியர் ஆக எவ்வளவு காலம் ஆகும்?

எம்.எஸ்சி.யில் 55 விழுக்காடு, பின் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட், அல்லது முனைவர் பட்டம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதியும் பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையுடன் ஆராய்ச்சி செய்யலாம். இத்தொகை 2023 முதல் நடைமுறையில் உள்ளது. பி.எஸ்சி. முடித்ததிலிருந்து முனைவர் பட்டம் வரை ஏழெட்டு ஆண்டுகளை எதிர்பார்க்க வேண்டும். உதவித்தொகை இல்லாமல், தனியார் கல்லூரியில் குறைந்த சம்பளத்திற்குப் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்வது மிகவும் சோர்வு தரும் வழி. நெட் தேர்வுக்கு ஓராண்டு கூடுதலாகச் செலவிடுவது அதைவிட மேல்.

போட்டித் தேர்வுக்காக எத்தனை ஆண்டுகள் வீட்டில் இருந்து படிக்கலாம்?

வயது வரம்பு அனுமதிக்கிறது என்பதற்காக ஐந்தாறு ஆண்டுகள் இருப்பவர்களைப் பார்க்கிறோம். என் கணிப்பில் முழுநேரமாக இரண்டு ஆண்டுகள் போதும். அதற்குள் மதிப்பெண் கட்-ஆஃபை நெருங்கிக்கொண்டே வருகிறது என்றால் மேலும் ஓராண்டு தொடரலாம். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் வேலை ஒன்றில் சேர்ந்துகொண்டு தேர்வைத் தொடர்வதே நல்லது. இந்தக் காலத்தில் தற்காலிகப் பட்டச் சான்று, தொகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, தமிழ் வழிச் சான்று ஆகியவற்றை வாங்கி, நகல்களுடன் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்காமல், விண்ணப்பித்தே பட்டச் சான்றைப் பெற முடியுமா என்று திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவிலோ உங்கள் கல்லூரி அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளலாம்.